பழ ஈயின் ஆயுள்: ரோடியோலாவா, குர்குமினா?

சைபீரியக் குளிரில் வளரும் ரோடியோலா வேரின் சாறு, 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் ஆய்வில் பழ ஈக்களின் ஆயுளைச் சராசரியாக 24 சதவீதம் கூட்டியது. உணவைக் குறைத்தாலே ஈக்கள் கூடுதல் நாள் வாழும். ஏற்கெனவே குறைந்த உணவில் இருந்த ஈக்களிடமும் இந்த வேர் பலித்தது என்பதுதான் என்னை அசத்துகிறது. அது வேறு வழியில் வேலை செய்கிறது என்று பொருள்.

மஞ்சளின் குர்குமினும் ஈக்களின் ஆயுளை நீட்டுகிறது. ஆனால் பலன் ஆண், பெண், ஈயின் மரபு வகை ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. புழுப் பருவத்திலோ இளமையிலோ கொடுத்தால் பலன். வாழ்நாள் முழுக்கக் கொடுத்தால் அது கைநழுவுகிறது. மஞ்சள் நமக்கு நெருக்கமானதுதான். இருந்தாலும் ஈ ஆய்வில் என் ஓட்டு ரோடியோலாவுக்கே. மனிதருக்கு இரண்டும் ஆயுள் மருந்தென்று எவரும் நிறுவவில்லை.