4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு 45 நாள் நாய்க்குட்டிக்கு இப்படியா மருந்து போடுவார்கள்?

நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, கோபமும் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு எந்த வயதில் எந்த மருந்து என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டியில் அடிபட்டுத் தாய் செத்துப்போக, நாங்கள் தூக்கி வந்த குட்டி உளுந்து. 45 நாள்தான் இருக்கும். உடம்பெல்லாம் தெள்ளு, வயிறு பானை மாதிரி. வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, வயிற்றுப் பூச்சி மருந்தும் தெள்ளு மருந்தும் கொடுக்கும் ஒரு ஆப் இருக்கிறது, பெயர் வேண்டாம். வருட பேக்கேஜ் 4,800 ரூபாய். முழுசாகக் கட்டினால்தான் தேதியே தருவார்கள். கட்டினேன்.

வந்த பையன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நேராகத் தரையில் உட்கார்ந்து, "டேய் உளுந்து, வாடா தங்கம்" என்று மடியில் போட்டுக்கொண்டான். குட்டியும் அவன் விரலை நக்கியது. அங்கேதான் நான் விழுந்தேன். அதற்கப்புறம் அவன் எதைச் செய்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எடை மெஷின் இல்லையா என்றதற்கு, ஒரு கையில் தூக்கிப் பார்த்து "நாலு கிலோ வரும்க்கா" என்றான். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் பிடரியில் சொட்டு மருந்து ஒரு குழாய் முழுக்க, கூடவே அரை மாத்திரை. எல்லாம் 20 நிமிஷம். போகும்போது "வாசலுக்கு வர்ற பூனைக்கும் போடுங்கக்கா, ஃப்ரீ" என்று இன்னொரு குழாய் வேறு.

ராத்திரி 9 மணிக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது, வாந்தி, பிறகு கால் நடுக்கம். அவர்களுக்கு வாட்ஸ்அப் செய்தால், "பூச்சி வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும் மேடம்". வீடியோ அனுப்பினேன். "டீம் கூப்பிடுவாங்க". எந்த டீமும் கூப்பிடவில்லை.

டாக்டர் முதலில் எடை போட்டார். 1 கிலோ 900 கிராம். காலிக் குழாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஃபிப்ரோனில் என்ற தெள்ளு மருந்து, 1.34 மில்லி, 10 முதல் 20 கிலோ நாய்க்கானது. 8 வாரம் ஆகாத, 2 கிலோகூட இல்லாத குட்டிக்கு அதில் சின்ன அளவுகூடப் போடக்கூடாதாம். பூனைக்கென்று கொடுத்த குழாயில் பொடி எழுத்தில் பெர்மெத்ரின். அது நாய் மருந்து, பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, வலிப்பு வந்து செத்தே போகும் என்றார். நல்லவேளை, சோம்பேறித்தனத்தால் நான் அதைப் பிரிக்கவே இல்லை.

இன்று காலை பணத்தைத் திருப்பிக் கேட்டேன், 4,800 ரூபாய். "குட்டிக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றார்கள். அப்புறம் "ஒரு விசிட் முடிஞ்சதால ரீஃபண்ட் கிடையாது". அப்புறம் "அடுத்த குளியல் இலவசம்". அப்புறம் பிளாக். பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படிக்கத் தெரியாதவனுக்கு நான் கொடுத்தது 4,800 ரூபாய்!

சரி, சொன்ன விவரம். பூச்சி மருந்து பிறந்த 2 வாரத்திலிருந்து, 2 வாரத்துக்கு ஒரு தடவை. 3 மாதம் ஆனதும் மாதம் ஒரு தடவை. 6 மாதத்துக்கு மேல் 3 மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் அன்றைக்கு எடை போட்டுத்தான். சொட்டு மருந்துக்கு 2 நாள் முன்னும் பின்னும் குளியல் வேண்டாம், தோலில் எண்ணெய்ப் பசை இருந்தால்தான் அது பரவும். ரொம்பச் சின்னக் குட்டிக்குத் தெள்ளு சீப்புதான், சீவி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய் மருந்து பூனைக்கு வேண்டவே வேண்டாம். முன்பணமும்தான்.

தெள்ளு வழியாக வரும் நாடாப்புழு பற்றியும் எழுத நினைத்தேன், உளுந்து எழுந்து முனகுகிறான், கஞ்சி கொடுக்கணும்.