மலை ரயிலில் ஒரு நாள்: ஊட்டியா, டார்ஜிலிங்கா, சிம்லாவா, மாதேரானா?

மலை ரயில் போகலாம் என்று பேச்செடுத்தால் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள். போட்டோவில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏறி உட்கார்ந்தால்தான் வித்தியாசம் புரியும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்னொன்று நாள் முழுக்க உட்காரவைத்து முதுகைப் பதம் பார்த்துவிடும். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பவேண்டும் என்பவர்களுக்கு இந்த நாலில் எது சரிப்படும்? முழுப் பாதையையும் போயே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் நாலுமே சரிப்படும். எந்தத் துண்டில் ஏறுகிறோம் என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு கணக்கு. டார்ஜிலிங், மும்பை பக்கத்து மாதேரான் இரண்டுக்கும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் 610 மில்லிமீட்டர். அடிவாரத்துக் கால்காவிலிருந்து ஏறும் கால்கா–சிம்லா பாதைக்கு 762. ஊட்டி மட்டும் 1000, அதாவது மீட்டர் கேஜ். ரயில் விஷயத்தில் கறாரான ஆட்கள் அதை நேரோ கேஜ் என்னும் குறுகல் பாதைப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் ஊட்டியை விட்டுவிட்டு மலை ரயிலைப் பற்றித் தமிழில் எழுதினால் யாரும் சும்மா விடமாட்டார்கள், அதனால் சேர்த்தாயிற்று. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் டார்ஜிலிங் 1999இலும், ஊட்டி 2005இலும், கால்கா–சிம்லா 2008இலும் சேர்ந்தன. மாதேரானுக்கு இன்னும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அதை வைத்து மாதேரானைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

சிம்லாவை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஒரு நாள் சுற்றுலாவுக்கு அதுதான் மிகவும் இடிக்கும். 1903இல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர், 102 சுரங்கங்கள், எண்ணூறுக்கு மேல் பாலங்கள். ஒரு வழிக்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். போகவர பத்து மணி நேரம் சீட்டிலேயே கழிந்தால் அது சுற்றுலா இல்லை, வேலை. எழுபது எண்பது சுரங்கம் தாண்டிய பிறகு ஜன்னலோரக் குழந்தைகள்கூட எண்ணுவதை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். அதனால் கால்காவில் காலையில் ஏறி, சோலனில் இறங்கி, சண்டிகர் சாலையில் பஸ் பிடித்துக் கீழே வந்துவிடலாம். பாதையிலேயே நீளமான, 1,143 மீட்டர் பரோக் சுரங்கம் இந்தத் துண்டில் வந்துவிடும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததுமே பரோக் ஸ்டேஷன். மலையை இரு பக்கமும் குடைந்து நடுவில் சேராமல் போய், ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட அவமானத்தில் உயிரை விட்ட பொறியாளரின் பெயர்தான் இந்த இடத்துக்கு என்று வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். கனோ பக்கம் இருக்கும் நாலடுக்கு வளைவுப் பாலம் சோலனுக்கு மேலே இருக்கிறது, இந்தக் கணக்கில் அது தப்பிப்போகும். அதைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் சிம்லாவில் ஒரு ராத்திரி தங்குவதுதான் வழி.

டார்ஜிலிங் விஷயம் நேர்மாறு. கீழே சமவெளியில் இருக்கும் நியூ ஜல்பாய்குரியிலிருந்து 88 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்கு மேல். அதே தூரத்தை ஜீப் பாதி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் மேலே போனபிறகு ‘ஜாய் ரைடு’ என்று டார்ஜிலிங்கிலிருந்து கும் வரை போய்த் திரும்பும் ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். வழியில் பட்டாசியா வளைவில் பத்து நிமிடம் நிற்கும். பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஏறும் இடம் அது, நடுவில் கூர்க்கா வீரர்களின் நினைவுச்சின்னம். வானம் தெளிவாக இருந்தால் எதிரே கஞ்சன்ஜங்கா. கும் 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்திய ரயில் நிலையங்களில் அதுதான் உச்சி.

இதில் டீசலும் ஓடும், நீராவியும் ஓடும். நீராவிக்குக் கூடுதல் காசு, கொடுக்கலாம். ‘பி’ வகை எஞ்சின் அளவில் அவ்வளவு சின்னது, ஆனால் அதைச் சுற்றி ஒரு பட்டாளமே வேலை செய்யும். முன்னால் பம்பர் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து, சக்கரம் வழுக்கும் இடங்களில் தண்டவாளத்தில் மணலைத் தூவிக்கொண்டே வருவார்கள். பல்சக்கரம் எதுவும் இல்லாமல் வெறும் சக்கரத்தின் பிடியிலேயே மலையேறும் ரயிலுக்கு அந்த மணல்தான் உயிர். நிலக்கரியை உடைத்துக் கொடுக்க இன்னொருவர். வெள்ளைச் சட்டை வேண்டாம், கரித்தூள் தலையிலும் விழும், டீயிலும் விழும். ஒரு குறை: பின்னால் வந்து முன்னால் ஏறும் அந்தப் புகழ்பெற்ற ‘இசட்’ திருப்பங்கள் எல்லாம் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன, ஜாய் ரைடில் அவை வராது.

மாதேரான் ரயிலைத் தனியாக வைத்துப் பார்த்தால் நாலில் எளிமையானது. 1907இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் போட்ட பாதை, மலையடிவாரத்து நேரலிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அது கொண்டுபோய் விடும் இடம்தான் விசேஷம். மாதேரானுக்குள் கார், பைக் எதுவும் போகக் கூடாது. ஊருக்கு வெளியே தஸ்தூரி நாக்காவிலேயே அவை எல்லாம் நின்றுவிடும். மற்ற மலையூர்களில் ரயிலை விட்டு இறங்கியதும் ஹாரன் சத்தம் வரவேற்கும். இங்கே கடைத்தெரு நடுவே இறங்கி, செம்மண் பாதையில் நடந்தோ குதிரையிலோ போகலாம். மும்பை லோக்கலில் நேரல் வந்து இறங்கினால் எதிரிலேயே குட்டி ரயில். நேரமில்லாதவர்கள் தஸ்தூரி வரை சாலையில் போய், பக்கத்திலுள்ள அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து, அங்கும் இங்கும் போய்வரும் ஷட்டில் ரயிலில் மாதேரான் போகலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இனி ஊட்டி. என்னைக் கேட்டால், ஒரே ஒரு மலை ரயில்தான் போகமுடியும் என்றால் இதுதான். காரணம் சொந்த ஊர்ப் பாசம் இல்லை, கல்லாறு. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7:10க்குக் கிளம்பும் ரயில் கல்லாறு வரை சாதாரணமாகத்தான் ஓடும். அங்கேதான் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரட்டைப் பட்டைகள் தொடங்குகின்றன. ரயில் ஊர்ந்து வந்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வும்போது சத்தமே மாறிவிடும். நாலு சிலிண்டர்களில் இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. முதல் ஜோடியில் வேலை செய்துவிட்டு வரும் நீராவியே அடுத்த ஜோடியையும் ஓட்டும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம், இந்தியாவில் வேறெங்கும் இந்தப் பல்சக்கரப் பாதை கிடையாது.

எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால் முதல் பெட்டிக்கு முன்னால் வெறும் மலைதான். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டு, கொடியசைத்து ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார். ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும், நாம் கீழே இறங்கலாம், கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு கணக்கு முடித்துவிடும்.

இந்த வேடிக்கை எல்லாம் குன்னூரோடு முடிந்துவிடும். மேட்டுப்பாளையம்–குன்னூர் 28 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். அதற்கு மேல் பல்சக்கரம் இல்லை, டீசல் எஞ்சின் இழுத்துப் போகும். பகலில் குன்னூர்–ஊட்டி மட்டும் ஓடும் ரயில்களில் டிக்கெட் சுலபமாகக் கிடைப்பதால் பலர் அதில் ஏறிவிட்டு மலை ரயில் பார்த்தாயிற்று என்கிறார்கள். பாயசம் இல்லாமல் விருந்து சாப்பிட்ட கதைதான். ஊட்டி வரை போனால் நண்பகல் ஆகும், திரும்பும் ரயில் இரண்டு மணிக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் பூங்காவும் ஏரியும் என்று ஓடுவதைவிட, குன்னூரில் இறங்கி சிம்ஸ் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு பஸ்ஸில் கீழே வந்தால் நிதானமாக இருக்கும். வெளியூர் வண்டிகள் எடுக்கவேண்டிய நீலகிரி இ-பாஸ் தொல்லையும் ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் இல்லை. சென்னைக்காரர்களுக்கு இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் இந்த ரயிலுக்கு ஏற்றபடி மேட்டுப்பாளையம் வந்துவிடும், ராத்திரி அதிலேயே திரும்பலாம்.

ஒரே சிக்கல் டிக்கெட். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், விடுமுறைக் காலத்தில் திறந்த கையோடு தீர்ந்தும் போகும். அப்புறம் மழை. மாதேரானில் 2019 மழை அரித்த பாதை 2022இல்தான் மீண்டும் முழுசாகத் திறந்தது. இப்போதும் மழை மாதங்களில் நேரல்–அமன் லாட்ஜ் துண்டை நிறுத்திவிட்டு ஷட்டில் மட்டும் ஓட்டுவார்கள். 2023 ஆகஸ்டில் சிம்லா அருகே சம்மர் ஹில்லில் மண் சரிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஊட்டிப் பாதையில் வடகிழக்குப் பருவமழையில் மண்ணோ பாறையோ விழுந்து ரயில் ரத்தாவது வாடிக்கை. அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் முந்தின நாள் இரவே ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.