கேம் டிசைன் கோர்ஸில் ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ்’ என்று தனியாகப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்

கும்பகோணத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கேம் டிசைன் கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் இவர்களுடைய ஃபிளெக்ஸ் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கமெல்லாம் ஏறும். இந்த வருஷமும் யாராவது மாட்டிக்கொள்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையதும் சம்பா நெல் பணம்தான். கோர்ஸுக்கு 48,000, தனியாக ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ்’ 12,000. ரசீதில் யூனிட்டி, அன்ரியல் (இரண்டும் கேம் செய்கிற மென்பொருள்), பிளெண்டர் (3டி உருவம் செய்கிற மென்பொருள்) என்று மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் நேராக 4,000. அப்பா அந்த இடத்தில் விரலை வைத்து, “இது என்ன தம்பி, தனியா?” என்று கேட்டார். கவுன்ட்டரில் இருந்தவர், “ஒரிஜினல் லைசென்ஸுங்க ஐயா, கம்பெனிக்குக் கட்டுறது, இதுல எங்களுக்கு ஒரு ரூபா கிடையாது” என்றார். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த நானும் கேட்கவில்லை.

நான்காவது மாதம் வீட்டு லேப்டாப்பில் பிளெண்டர் ஏற்றலாம் என்று லைசென்ஸ் கீ கேட்டேன். வெளியே தர முடியாது என்றார்கள். அன்று ராத்திரி பிளெண்டரின் சொந்தத் தளத்துக்குப் போனால் டவுன்லோட் பொத்தான் முகப்பிலேயே இருக்கிறது, விலை என்று ஒன்றே இல்லை. 2002இலிருந்து அது திறந்த மூல மென்பொருள், யாரும் யாருக்கும் காசு கட்ட வேண்டாம். மற்ற இரண்டையும் தேடினேன். யூனிட்டியின் பெர்சனல் பதிப்பு, வருஷ வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவர்களுக்கு இலவசம். அன்ரியலில் செய்த கேம் 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்த பிறகுதான் ராயல்டி, அதாவது வருமானத்தில் ஒரு பங்கு, கேட்கிறார்கள். படிக்கிற பையனிடம் வாங்க இதில் எங்கே 4,000 இருக்கிறது?

மறுநாள் போய்க் கேட்டதும், “அதை லேப் மெயின்டெனன்ஸுன்னு வச்சுக்குங்க தம்பி” என்று பதில் வந்தது.

பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். அங்கே கேம் டிசைன் என்ற விஷயமே சொல்லித்தரவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பட்டன் எங்கே இருக்கிறது, பொம்மையை எப்படித் திருப்புவது, இவ்வளவுதான் ஆறு மாதமும். என் கேமில் எதிரியே எப்போதும் ஜெயிக்கிறான், எப்படிச் சரிசெய்வது என்று கேட்டேன். “வேகத்தைக் குறைச்சுடு” என்றார் சார். ஏன் என்று சொல்லவில்லை, குறைத்ததும் கேம் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த வாரம் ஊரில் அப்பாயியோடு ஆடுபுலி ஆடினேன். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக் கல்தரையிலேயே கட்டம் செதுக்கியிருக்கிறது. மூன்று கருங்கல் புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு. புலி முதலிலிருந்தே நகரலாம், தாண்டி வெட்டலாம். ஆட்டை ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. ஆரம்பத்தில் புலி கை ஓங்கியிருக்கும், ஆடு நிறைய நிறைய அதற்கு நகர இடம் குறையும். மூலையில் புலி மாட்டியதும் அப்பாயி, “பலம் இருந்து என்ன, போக வழி வேணுமில்ல” என்றார். நான் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. எதிரியின் வேகத்தில் கை வைக்காமல் அவன் போகிற வழிகளைக் குறைத்தேன், ஆட்டம் நிமிர்ந்துவிட்டது. இப்படி ஒரு மணி நேரம் அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

கடைசி ப்ராஜெக்ட் இன்னும் மோசம். எங்கள் பேட்ச் முழுக்க ஒரே ஓடுகிற கேம், படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றினோம், காசு எடுக்கும்போது வருகிற ‘டிங்’ சத்தம்கூட எல்லாருக்கும் ஒன்றுதான். கேமுக்கு வேண்டிய ஆயத்தப் பொருள்கள் கிடைக்கும் யூனிட்டி அசெட் ஸ்டோரில் தேடினால் அதே டெம்ப்ளேட் இலவசமாகக் கிடக்கிறது. அதை பிளே ஸ்டோரில் ஏற்றித்தர வருஷத்துக்கு 3,000 கேட்டார்கள். கூகுள் வாங்குவது ஒரே ஒரு முறை 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்கள் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்டியாக வேண்டும், உண்மையில் கஷ்டமான வேலை அதுதான், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் கட்டிய நண்பனின் கேம் அவர்கள் கணக்கில், அவர்கள் பெயரில் இருக்கிறது. அவனால் அதில் ஒரு எழுத்தைத் திருத்த முடியாது.

சேரத்தான் போகிறீர்கள் என்றால், சொல்லித்தருகிறவர் தானே செய்து வெளியிட்ட கேம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பழைய மாணவர் இரண்டு பேரின் ப்ராஜெக்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிப் பாருங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்கிறேன். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமலும் வாதாடலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதே இடத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் லைசென்ஸ் என்று போட்ட அந்த ரசீதை எடுத்து வையுங்கள், எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.