ஆயில் பம்பா, ஸ்க்ரோல் பம்பா? டெல்டாவின் ஈரத்தில் ஒரு ஜிசி-எம்எஸ்

தஞ்சாவூரில் நெல், அரிசியில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் எங்கள் ஆய்வகத்து ஜிசி-எம்எஸ் கருவியில் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன் துணுக்குகளின் நிறையால் அடையாளம் காண்பது) வெற்றிடம் உண்டாக்கும் ரோட்டரி ஆயில் பம்பு தேய்ந்துபோனபோது, மீண்டும் ஆயில் பம்பையே வாங்குவதா, ஆயில் இல்லாத ஸ்க்ரோல் பம்புக்கு மாறுவதா என்ற கேள்வி எழுந்தது. ஆயில் பம்பையே வாங்கினோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஸ்க்ரோல் தூய்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆயில் ஆவி பின்னோக்கி வந்தால் 57, 71 என்ற ஹைட்ரோகார்பன் நிறைகள் பின்னணியில் தலைகாட்டும். அந்தத் தொல்லை அதில் இல்லை. விலையில் ஆயில் பம்பு மலிவு. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான்.

ஒரு கார்த்திகையில், மூலக்கூறுகளை அயனியாக்கும் பகுதியான சோர்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகு, அழுத்தம் வழக்கமான அளவுக்கு இறங்கவே இல்லை. கசிவு என்றே நினைத்து, காலம் (column) என்ற பிரிப்புக் குழாயைப் பிடிக்கும் நட்டை இறுக்கினோம், அதன் அடைப்பு வளையமான ஃபெர்ரூலையும் மாற்றினோம். காற்று புகுந்திருந்தால் நைட்ரஜனின் நிறை 28, ஆக்ஸிஜனின் நிறை 32 இரண்டும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உயர்ந்திருக்க வேண்டும். அவை அடங்கியே கிடக்க, நீரின் நிறையான 18 மட்டும் ஓங்கி நின்றது. பிறகுதான் குனிந்து பம்பின் கண்ணாடிச் சாளரத்தைப் பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய ஆயில், அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்துக் கலங்கியிருந்தது. கருவியைத் திறந்தபோது உட்சுவரில் படிந்த மழைக்கால ஈரம், பம்புக்குள் அழுத்தப்பட்டு நீராகி ஆயிலில் கலந்துவிட்டது. மாதிரியைச் சுமந்து வரும் ஹீலியம் போன்ற இலேசான வாயுவை அழுத்தித் தள்ளுவது, சோர்ஸுக்கும் இந்தப் பம்புக்கும் நடுவே சுழலும் டர்போ பம்புக்கு எப்போதுமே கடினம் என்பதால், அதன் பின்பக்க அழுத்தம் ஏறியதும் சோர்ஸ் பக்கமும் சேர்ந்து ஏறியது. ஈரம் வெளியேற பம்புக்குள் சிறிது காற்றை விடும் கேஸ் பேலஸ்ட் வால்வைத் திறந்து ஓட்டியும் முழுதாகத் தெளியாததால், கருவியை நிறுத்தி, சூடு ஆறுமுன் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினோம். அந்த வேலைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வெளியிலிருந்து யாரும் வரவும் தேவைப்படவில்லை.

ஸ்க்ரோலில் தேய்வது, உள்ளே சுருள்களின் விளிம்பில் இருக்கும் டிப் சீல் என்ற அடைப்புப் பட்டை. அது தேய்வதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அழுத்தம் மெல்ல ஏறுவதை வைத்து ஊகிக்க வேண்டும். சீலை வரவழைத்து, பிரித்து, கறுப்புத் தூளைத் துடைத்துப் பொருத்த வேண்டும். சம்பா அறுவடை முடிந்து மாதிரிகள் குவியும் தை, மாசியில் அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாது. ஆனால் நான் ஸ்க்ரோலை ஓட்டியது வேறொரு கருவியில், ஒரே ஒரு மழைக்காலம் மட்டும். அதிலும் பல வகைகளில் கேஸ் பேலஸ்ட் உண்டு. ஆயில் பம்பின் புகைக் குழாயை வெளியே விட வசதியில்லாத அறை என்றால் நானும் ஸ்க்ரோலையே வாங்கியிருப்பேன்.

இப்போது ஐப்பசி முதல் மார்கழி வரை, சோர்ஸைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம் கேஸ் பேலஸ்டைத் திறந்துவைத்து, மாதிரி ஏற்றுமுன் மூடிவிடுகிறோம். அதில் ஆயில் மட்டம் சற்றுக் குறையும். பார்த்து ஊற்ற வேண்டும்.