பொன்னாடைப் படமும் மூன்றாம் பக்கமும்: எங்கள் ஆசிரியர் சங்கத்துக்கு என் மதிப்பெண்

செருப்பு வாங்கினால்கூட ரிவ்யூ எழுதுகிறோம், பதிமூன்று வருடமாகச் சந்தா கட்டும் சங்கத்துக்கு ஏன் எழுதக் கூடாது என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சேலம் மாவட்டத்தில் தொடக்கக் கல்வியில் மன்றம், கூட்டணி என்று எத்தனை இருக்கிறது, அதில் ஒரே பெயர் எத்தனையாக உடைந்து கிடக்கிறது என்பதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் கீழே சண்டைதான் நடக்கும், படிக்க மாட்டார்கள். அவர்கள் கொள்கை சரியா, தலைமை சரியா என்பதும் எனக்கு இங்கே தேவையில்லை. என் சம்பளத்தைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் சென்னையில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அங்கே என்ன பேசினார்கள், என்ன கிடைத்தது, கிடைத்ததை வாங்க நான் எந்தப் பேப்பரை எங்கே கொடுக்க வேண்டும், இதை ஒழுங்காகச் சொல்கிறார்களா என்பது மட்டும்தான்.

நான் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸ் செய்து 2012 டிசம்பரில் வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியர். ஏற்காடு ஒன்றியத்தில், நாகலூர் தாண்டி ஓர் ஈராசிரியர் பள்ளி. 1.4.2003க்குப் பிறகு வந்ததால் பழைய பென்ஷன் கிடையாது, சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் சேர்த்தார்கள். 1.6.2009க்குப் பிறகு வந்ததால் அடிப்படைச் சம்பளம் 5,200இல் ஆரம்பித்தது, அந்தத் தேதிக்கு முதல் நாள் வரை சேர்ந்தவர்களுக்கு 8,370. வேலை ஒன்றுதான், பாடப் புத்தகமும் ஒன்றுதான். இப்படி இரண்டு தேதிக்கும் இந்தப் பக்கம் நிற்கிற ஒருத்திக்குச் சங்கத்தின் செய்தி எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளியில் சிக்னல் கிடையாது. எஸ்டேட் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் மிளகுக் கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரம், அதன் அடியில் நின்றால் இரண்டு கோடு வரும். மதியம் பிள்ளைகள் தட்டு கழுவும் நேரத்தில் அங்கே போய் நிற்பேன், காலையிலிருந்து தேங்கிய மெசேஜ் எல்லாம் சேர்ந்து வந்து விழும். அதில் முக்கால்வாசி மாநில அமைப்பின் குழுவிலிருந்து வருவது. "அன்பார்ந்த ஆசிரியப் பேரினமே, வணக்கம்" என்று ஆரம்பிக்கும். அதற்கப்புறம் மாநிலத் தலைவருக்கு நான்கு அடைமொழி, பொதுச்செயலாளருக்கு மூன்று. அமைச்சரையோ இயக்குநரையோ சந்தித்த செய்தி. பொன்னாடை போர்த்தும் படம், பூங்கொத்து கொடுக்கும் படம், பிறகு அதே பொன்னாடை வேறு கோணத்தில். கோரிக்கைகளைக் "கனிவுடன் கேட்டறிந்து சாதகமாகப் பரிசீலிப்பதாக" உறுதி. எந்தக் கோரிக்கை, எத்தனை நாளில், எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா? ஒன்றும் இருக்காது. சரி, கேட்கலாமென்றால் அந்தக் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். நாம் கைதட்டுகிற பொம்மையை மட்டும் போடலாம்.

இது சும்மா எரிச்சலில் சொல்வதில்லை. 12.10.2023 அன்று டிட்டோஜேக் என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்போடு அரசு பேச்சுவார்த்தை நடத்தியதே, 30 அம்சக் கோரிக்கையில் 12 ஏற்கப்பட்டது என்று வந்ததே, அன்றைக்கு எங்கள் குழுவே திருவிழாவாக இருந்தது. பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலையிலிருந்து விடுதலை என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஏற்றார்கள் என்றால் வாயால் ஏற்றார்களா, ஆணையாக வருமா என்று ஒரு வரி யாரும் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து 21.12.2023இல் வந்தது அரசாணை 243. அதுவரை ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமைப் பட்டியலை மாநில அளவுக்குக் கொண்டுபோன ஆணை. பதவி உயர்வு வேண்டுமென்றால் எந்த மாவட்டத்துக்கும் போகத் தயாராக இரு என்று அர்த்தம். பெண் ஆசிரியர்களில் பாதிப் பேர் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இவ்வளவு பெரிய விஷயத்தில் மாநிலக் குழுவிலிருந்து முதலில் வந்தது "வன்மையாகக் கண்டிக்கிறோம்". ஆணையின் பி.டி.எஃப். வந்தது அதற்கு அடுத்த நாள், அதுவும் கோணலாக எடுத்த போட்டோ.

2019 ஜனவரியையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இன்னும் ஆறவில்லை. ஜாக்டோ ஜியோ என்ற ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பின் வேலைநிறுத்தம், 22ஆம் தேதியிலிருந்து. தினமும் மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து சேலத்தில் வெயிலில் உட்கார்ந்தோம், வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முதலமைச்சர் நம் எடப்பாடிக்காரர், ஊர்க்காரர் காதில் விழாமலா போகும் என்று ஒரு டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் நாள், 30ஆம் தேதி, "தற்காலிக ஒத்திவைப்பு" என்று மெசேஜ் வந்தது. ஏன் ஒத்திவைப்பு, சம்பளப் பிடித்தம் என்ன ஆகும், 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வாங்கியவர்கள் பதில் எப்படி எழுத வேண்டும் என்று எதுவும் இல்லை. போராடித் தோற்பதில் தப்பில்லை. தோற்றதைச் சொல்லாமல் விடுவதுதான் பொறுக்க முடியவில்லை.

மாத இதழ் ஒன்றும் உண்டு. தபாலில் மேலே வந்து சேரும்போது மாதம் முடிந்திருக்கும். பணி நிறைவுப் பாராட்டு விழாப் படங்கள், திருமண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. டைரி மட்டும் நன்றாக இருக்கும், தாள் தடிமன், மை ஊறாது.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பிறகு ஏன் சந்தா கட்டுகிறாய் என்று கேட்பீர்கள். எங்கள் வட்டாரப் பொருளாளருக்காகக் கட்டுகிறேன். மனிதர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், மேடையில் பேசத் தெரியாது, மைக்கைக் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஆனால் எந்த அரசாணை வந்தாலும் இயக்குநர் செயல்முறைகள் வந்தாலும் அன்று ராத்திரியே உட்கார்ந்து படித்து, ஒரே ஒரு பக்கத்தில் கையால் எழுதி, போட்டோ எடுத்து வட்டாரக் குழுவில் போட்டுவிடுவார். மேலே ஆணையின் கோப்பு எண்ணான ந.க.எண், தேதி. அதன் கீழே "யாருக்கு", "யாருக்கு இல்லை", "என்ன இணைக்க வேண்டும்", "எப்போதுக்குள்". கடைசியில் எப்போதும் ஒரு வரி: "சந்தேகம் இருப்பவர்கள் மூன்றாம் பக்கம் படிக்கவும்." ஆணையின் அந்த மூன்றாம் பக்கம் சில சமயம் இரண்டாகவோ ஐந்தாகவோ இருக்கும், ஆனால் நாங்கள் எல்லோரும் கேலியாக "மூன்றாம் பக்கம் சார்" என்றுதான் சொல்வோம். அவருக்கும் தெரியும்.

போன செப்டம்பரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது. 1.9.2025, உச்ச நீதிமன்ற டெட் தீர்ப்பு வந்த நாள். மரத்தடியில் நின்றால் மெசேஜ் கொட்டுகிறது. எல்லோரும் வீட்டுக்குத்தான் என்கிறார் ஒருவர், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்கிறார் இன்னொருவர், மாநிலக் குழுவில் "சட்டப் போராட்டம் தொடரும்". எங்கள் ஹெச்.எம். 2002இல் வேலைக்கு வந்தவர், டெட் என்ற வார்த்தையே அப்போது கிடையாது. அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. மறுநாள் காலையில் பொருளாளரின் பக்கம் வந்தது. ஓய்வுக்கு 5 வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் 2 வருடத்துக்குள் டெட் பாஸ் செய்ய வேண்டும், 5 வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் அப்படியே ஓய்வு வரை இருக்கலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது, சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது, அவர்கள் இப்போதைக்குப் பதற வேண்டாம். அவ்வளவுதான். அடியில் கட்டம் கட்டி, "பிறந்த வருடத்தோடு 60ஐக் கூட்டுங்கள், அதிலிருந்து 2025ஐக் கழியுங்கள்." ஹெச்.எம். சாக்பீஸை எடுத்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்கக் கரும்பலகையில் 2032, அதன் கீழே 2025 என்று எழுதிக் கோடு போட்டு நின்றுவிட்டார். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் "ஏழு டீச்சர்!" என்று கத்தினான். அவன் சொன்னது சரியான விடை, அதனால் நாங்கள் கைதட்ட வேண்டியிருந்தது.

இப்போது ஹெச்.எம். டெட்டுக்காக என்னிடமே உளவியல் பாடம் கேட்கிறார், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில். அது இருக்கட்டும்.

சி.பி.எஸ். கணக்கு விஷயத்திலும் உதவியது பொருளாளர்தான். மாதா மாதம் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அது ஒழுங்காக நம் கணக்கில் ஏறியதா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? "பென்ஷன் வருமா வராதான்னு அப்புறம் பேசலாம் டீச்சர், மொதல்ல பிடிச்ச பணம் இருக்குதான்னு பாருங்க" என்றார். ஆண்டுக் கணக்குத் தாளை எடுத்து மாதம் மாதமாக டிக் அடித்தால், இடமாறுதலில் வந்த வருடத்தில் மூன்று மாதத்தைக் காணோம். பிடித்த பணம்தான், கணக்கில் ஏறவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முதல் தடவை போனபோது "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார்கள். பொருளாளர் ஒரு மாதிரிக் கடிதம் கொடுத்தார், கருவூல வவுச்சர் எண்ணுக்கு இடம் விட்டு. ஏழு மாதம் ஆனது, மூன்றும் ஏறியது.

காப்பீடு. சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தார்களே, 1.7.2021இல் ஆரம்பித்த திட்டம், 5 லட்சம் வரை. வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட இருந்தோம், லிஸ்டில் அவர்கள் பெயர் இருக்கிறது என்று நானே பார்த்துவிட்டேன். பொருளாளருக்குப் போன் செய்தால், "லிஸ்ட்ல இருக்குதான்னு மட்டும் பார்க்காதீங்க, இந்த ஆபரேஷனுக்கு லிஸ்ட்ல இருக்குதான்னு பாருங்க" என்கிறார். பார்த்தால் இல்லை. கவுன்டரில் இருந்தவர்கள் அதைச் சொல்லவே இல்லை, "கார்டு வெச்சிருக்கீங்கல்ல, பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். வேறு இடம் மாறினோம், கையிலிருந்து போனது சொற்பம்தான். அந்த ஒரு போனுக்கே என் பதிமூன்று வருடச் சந்தா கழிந்துவிட்டது.

சரண்டர், அதாவது ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணமாக வாங்கும் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குறை. 2020இல் கொரோனாவைச் சொல்லி நிறுத்தியதை, 1.10.2025 முதல் 15 நாள் ஒப்படைக்கலாம் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். இவரும் பக்கம் எழுதினார், ஆனால் எழுத்து அவசரத்தில் கிறுக்கலாகிவிட்டது, பாதிப் பேர் தேதியைத் தப்பாகப் படித்துவிட்டுக் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் விண்ணப்பம் போட்டுத் திரும்பி வந்தது. டைப் செய்யுங்கள் சார் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, கேட்க மாட்டேன் என்கிறார். மலைப்படியைப் பற்றியும் அவர் ஒருவர்தான் எழுதுவார், கீழேயிருந்து மாறுதலில் வந்த ஒரு டீச்சருக்கு அது போடாமலே விட்டுப்போனதை அவர்தான் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தார். மாநிலக் குழுவுக்கு மலையில் ஆசிரியர் இருப்பதே கோடை விழா சமயத்தில் ரூம் கேட்கும்போதுதான் ஞாபகம் வரும்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் வட்டாரத்துக்கு ஐந்துக்கு நாலேமுக்கால், கால் மதிப்பெண் கையெழுத்துக்குப் பிடித்தம். மாநில அமைப்புக்கு ஒன்றரை, அதில் ஒன்று டைரிக்கு. பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டு வந்தால் கேட்டது, கொடுத்தது, விட்டுக்கொடுத்தது என்று மூன்று வரி எழுதட்டும், நான் வந்து திருத்துகிறேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் எந்தச் சங்கத்தில் சேரலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். தலைவர் யார் என்று பார்க்காதீர்கள், உங்கள் ஒன்றியத்தில் ஜி.ஓ.வை முழுசாகப் படிக்கிற ஆள் எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்று விசாரித்து அதில் சேருங்கள் என்பேன்.

எங்கள் ஆள் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அடுத்தது யார் என்று போன கூட்டத்தில் கேட்டேன். தட்டுவடை செட்டை மென்றுகொண்டே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமாம். சிக்னல் இல்லாத பள்ளியில் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் நல்லது டீச்சர், தொந்தரவு இல்லாம படிக்கலாம்" என்றார் மூன்றாம் பக்கம் சார்.