எக்ஸ்சேஞ்ச் பிரெஞ்சு ஆடி வெறுத்தவர்களுக்கு: லிச்செஸ் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

என் எரிச்சல் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். செஸ்ஸில் கறுப்புக் காய் வந்தால் நான் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கை, அதாவது தொடக்க முறையை, ஆடுபவன். வெள்ளை சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்தும், நான் இ6. வெள்ளை டி4, நான் டி5. அதற்குமேல் சிப்பாய்கள் நடுவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நான் சி5 தள்ளி மையத்தை உடைக்க வேண்டும். இந்த ஓப்பனிங்கின் சுவையே அதுதான். ஆனால் மதுரையில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்குப் போனால், எதிரே உட்காரும் ஆறாம் வகுப்புப் பையன் மூன்றாவது நகர்த்தலிலேயே டி5 சிப்பாயை வெட்டிவிடுகிறான். இதற்குத்தான் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் என்று பெயர். நானும் திருப்பி வெட்டுகிறேன். பலகையின் இரு பக்கமும் அச்சு எடுத்ததுபோல் ஒன்றாகிவிடுகிறது. திறந்து கிடக்கும் இ வரிசையில் யானைகள் ஜோடி ஜோடியாக வெளியேறுகின்றன. பிறகு, "அங்கிள், டிரா?" என்று கையை நீட்டுகிறான். அவன் அப்பா வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு நிற்பார்.

இதற்கு மருந்து தேடி ஒரு வீடியோ பாடத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். பிரெஞ்சு டிஃபென்ஸின் மற்ற வேரியேஷன்களுக்கெல்லாம், அதாவது மற்றக் கிளைகளுக்கெல்லாம், மணிக்கணக்கில் விளக்கம் இருந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு வந்ததும் "சமநிலை, கறுப்புக்குக் கவலையில்லை" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். கவலையில்லைதான். ஆனால் ஜெயிப்பது எப்படி?

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பரீட்சைக் காலம் தவிர மற்ற நாட்களில் மத்தியானம் ஈ ஓட்டும் வேலைதான். அந்த நேரத்தில் கடைக் கணினியில் லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தைத் திறந்துவைத்து இந்த ஒரே வேரியேஷனைக் குடைய ஆரம்பித்தேன். விளம்பரமும் கட்டணமும் இல்லாத தளம். 2010இல் திபோ துப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. பிரெஞ்சு டிஃபென்ஸின் தலைவலிக்குப் பிரெஞ்சு மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருக்கும் வசதிகளில் எனக்கு அதிகம் பயன்பட்டது ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர். ஒரு நிலையிலிருந்து ஆடப்பட்ட ஆட்டங்களில் எத்தனை வெற்றி, எத்தனை டிரா என்று காட்டும் கருவி. அதில் மாஸ்டர்களின் ஆட்டங்கள் ஒரு தொகுப்பாகவும், தளத்தில் ஆடும் சாமானியர்களின் ஆட்டங்கள் இன்னொரு தொகுப்பாகவும் இருக்கின்றன. மாஸ்டர் தொகுப்பில் எக்ஸ்சேஞ்சைப் போட்டுப் பார்த்தால் டிராவைக் காட்டும் பட்டை நீண்டு கிடக்கும், மனம் சோர்ந்துபோகும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. சாமானியர் தொகுப்புக்கு மாறி, ரேட்டிங் வடிகட்டியில் நம் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டை சுருங்கிச் சின்னக் கீற்றாகிவிடுகிறது. நம் தரத்தில் இந்த நிலையிலிருந்து பெரும்பாலும் யாரோ ஒருவர் ஜெயிக்கிறார், யாரோ ஒருவர் தோற்கிறார். ஆக, சிப்பாயை வெட்டியதால் டிரா ஆவதில்லை. அதற்குப் பிறகு கறுப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் காப்பியடிப்பதால்தான் ஆகிறது.

எக்ஸ்ப்ளோரர் எண்களைத் தருமே தவிர, காரணத்தைச் சொல்லாது. நிலையை எடைபோடும் ஸ்டாக்ஃபிஷ் என்ஜினும் அப்படித்தான். பூஜ்யத்தை ஒட்டி ஓர் எண்ணைக் காட்டிவிட்டு, அதாவது சமநிலை என்று சொல்லிவிட்டு, நிற்கும். காரணத்தை நாமே யோசித்து, ஸ்டடி பகுதியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவைக்க வேண்டும். என் முதல் அத்தியாயம் சி8 பிஷப்பைப் பற்றியது. பிரெஞ்சு ஆடுபவனின் தீராத நோய் அது. இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைந்து கிடக்கும். வெள்ளை டி5இல் வெட்டியதும் அதற்குக் கதவு தானாகத் திறந்துவிடுகிறது. பையன் நமக்குச் செய்யும் உபகாரம் இது.

அடுத்த அத்தியாயம், ஒரே மாதிரித் தோற்றத்தை உடைப்பது. ராஜா பக்கத்துக் குதிரையை எஃப்6க்குப் பதிலாக இ7இல் வைக்கிறேன். அங்கே இருந்தால் வெள்ளையின் பிஷப் ஜி5க்கு வந்து அதைக் கட்டிப்போட்டாலும், எஃப்6 தள்ளி விரட்டிவிடலாம். எஃப் சிப்பாய்க்கும் வழி கிடைக்கிறது. மற்றக் குதிரை சி6, பிஷப்கள் டி6, ஜி4, ராணி டி7, பிறகு ராணி பக்கம் கோட்டை. வெள்ளை ஏற்கெனவே ராஜா பக்கம் கோட்டை கட்டியிருந்தால் ராஜாக்கள் ஆளுக்கொரு மூலையில். டிரா பேச்சு அதோடு முடிந்தது. ஆபத்தும் உண்டு. வெள்ளை சி3 ஆடியிருந்தால் பி4, பி5 என்று சிப்பாயைத் தள்ளிக்கொண்டு நம் ராஜாவின் வீட்டுக்கே வந்துவிடும். இந்த நிலையைப் பலகையில் வைத்து, கணினியை ஐந்தாம் லெவலில் எதிரே உட்காரவைத்து ஆடிப் பழகலாம். மொத்தம் எட்டு லெவல்கள். எட்டாவதோடு மோதுவது வீண்வேலை.

பையன்களுக்குப் பிடித்த இன்னொரு வித்தை, ராணியை இ2க்குக் கொண்டுவந்து செக் வைப்பது. பதிலுக்கு நம் பிஷப்பை இ7இல் குறுக்கே வைத்தால் போதும். அவன் பிஷப் இன்னும் எஃப்1இல் இருந்தால் அதன் பாதையை அவன் ராணியே மறித்துக்கொண்டிருக்கும். இது புது வித்தையும் இல்லை. 1834இல் தொடங்கிய லண்டன், பாரிஸ் நகரங்களின் கடிதப் போட்டியில் லண்டன் அணி ஆறாவது நகர்த்தலில் இதே செக்கைத்தான் வைத்தது. கறுப்பில் ஆடிய பாரிஸ் ஜெயித்தது. பிரெஞ்சு டிஃபென்ஸுக்குப் பெயர் வந்ததே அந்தப் போட்டியால்தான். அந்த ஆட்டமும் எக்ஸ்சேஞ்ச்தான். மாஸ்டர் தொகுப்பு 1952இலிருந்துதான் தொடங்குவதால் இது அதில் கிடைக்காது. நகர்த்தல்களை நாமே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

என் ஸ்டடியின் கடைசி அத்தியாயம், உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டியான 1990 மணிலா இன்டர்சோனலின் கடைசிச் சுற்று. கிராண்ட்மாஸ்டர் மிகைல் குரேவிச்சுக்கு டிரா ஆனாலே போதும், அடுத்த கட்டமான கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி. எக்ஸ்சேஞ்சை ஆடினார். எதிரே இருந்த நைஜல் ஷார்ட் நான்காவது நகர்த்தலிலேயே பிஷப்பை ஜி4க்குக் கொண்டுபோய், பொறுமையாக ஆடி அவரைத் தோற்கடித்தார். அதே ஷார்ட்தான் 1993இல் காஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு மோதியவர். டிரா கேட்டுக் கை நீளும்போதெல்லாம் எனக்கு இந்த ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது. "ஆடலாம் தம்பி" என்று சொல்லிவிடுகிறேன்.

லிச்செஸைக் கைபேசியிலும் பார்க்கலாம், ஆனால் ஸ்டடி எழுத என் கண்ணுக்குப் பெரிய திரை வேண்டியிருக்கிறது. பயிற்சியாளர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. விருப்பப்பட்டால் நன்கொடை அனுப்பலாம். அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம் வரும். கூடுதல் வசதி எதுவும் கிடையாது.