கேபின் ஹீட்டரும் ஃப்யூயல் ஃப்ளோ மீட்டரும்: மஃப்ளர் உறையா, எரிக்கும் ஹீட்டரா?

சிறிய விமானங்களில் கேபினைச் சூடாக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற ஒற்றை என்ஜின் விமானங்களில் மஃப்ளரைச் (வெளிப்புகைச் சத்தத்தை அடக்கும் கலன்) சுற்றி ஒரு தகர உறை இருக்கும். வெளிக்காற்று அதற்குள் புகுந்து சூடேறி, என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தடுப்பு வழியாகக் கேபினுக்கு வரும். பைப்பர் செனெகா, பீச் பேரன் போன்ற இரட்டை என்ஜின் விமானங்களில் விமான பெட்ரோலையே எரிக்கும் தனி ஹீட்டர் உண்டு.

ஃப்யூயல் ஃப்ளோ மீட்டர் என்பது என்ஜினுக்கு எவ்வளவு வேகத்தில் எரிபொருள் போகிறது என்று காட்டும் கருவி. ஹீட்டரைத் தொட்டதும் அதன் எண் மாறுகிறது என்றால், இந்த இரண்டிலும் ஒரே காரணத்தைத் தேடுவது வீண். மஃப்ளர் உறை ஒரு துளி எரிபொருள்கூடக் குடிக்காமல் மீட்டரைக் குழப்பும். எரிக்கும் ஹீட்டரோ குடித்துவிட்டு, மீட்டருக்குத் தெரியாமல் இருந்துவிடும்.

முதலில் உறை. அது எடுப்பது எப்படியும் வீணாகப் போகிற வெப்பம். அதற்காக என்ஜின் கூடுதலாக எதையும் எரிப்பதில்லை. சிக்கல் அந்தச் சூடான காற்று போகும் பாதையில் இருக்கிறது. பல விமானங்களில், குறிப்பாக வீட்டிலேயே கட்டப்படும் வகைகளில், ஹீட்டரை மூடினால் காற்று நிற்காது. ஃபயர்வால் ஓரமாகக் கவுலிங்குக்குள், அதாவது என்ஜின் மூடிக்குள், கொட்டும். அந்த இடத்தில் எரிபொருள் குழாயோ பம்போ மீட்டருக்காக ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ சென்சாரோ இருந்தால், வெப்பம் முழுக்க அதன்மேல் இறங்கும். ஹீட்டரைத் திறந்தால் எண் அமைதியாகி, மூடினால் ஆடத் தொடங்குகிற விசித்திரம் இதனால்தான். பலர் இதைத் தலைகீழாகத் தேடி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

சூடு பட்டால் என்ன ஆகும்? விமான பெட்ரோல் 75 டிகிரி செல்சியஸை எட்டுமுன் அதில் பத்தில் ஒரு பங்காவது ஆவியாகும்படிதான் தயாரிக்கப்படுகிறது. அழுத்தம் குறைந்த, பம்புக்கு முந்தைய குழாயில் அதற்கும் முன்பே குமிழி கிளம்பலாம். கார் பெட்ரோல் ஊற்றியிருந்தால் ஆவியழுத்தம் இன்னும் அதிகம். சென்சாருக்குள் சுழலும் குட்டிச் சக்கரம் திரவத்தை எண்ணத்தான் செய்யப்பட்டது. பரவலாகப் பயன்படும் ஒரு வகை, ஒரு அமெரிக்க கேலனுக்குச் சுமார் 68,000 துடிப்புகளைத் தரும். குமிழி வந்தால் சக்கரம் தாறுமாறாகச் சுற்றி, எண் எகிறி எகிறி விழும்.

எரிக்கும் ஹீட்டரின் கதை வேறு. அது மணிக்குச் சுமார் அரை கேலன் எடுக்கும். நான்கு மணி நேரப் பயணத்தில் இரண்டு கேலன், அதாவது ஏறக்குறைய ஏழரை லிட்டர். சென்சாருக்கு முன்பே பிரிகிற குழாயிலிருந்து அது எடுத்தால், என்ஜினுக்குப் போவதை மட்டும் கூட்டுகிற கணக்குக் கருவி இதைப் பார்க்காது. தரையிறங்கித் தொட்டியை நிரப்பும்போதுதான் கணக்கு இடிக்கும். ஃப்ளோ எண் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பதால், எனக்கு இதுதான் இரண்டில் அதிகக் கவலை தருவது.

எரிக்கும் ஹீட்டரைப் போட்டதும் எண் துள்ளினால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பற்றவைக்கும் தீப்பொறி, விசிறி, சிறு எரிபொருள் பம்ப் எல்லாம் ஒன்றாக உயிர்பெறுகின்றன. சென்சார் கம்பி அவற்றுக்கு அருகில் ஓடினாலோ, கிரவுண்ட் இணைப்பு தளர்ந்திருந்தாலோ பொய்த் துடிப்புகள் சேரும். பல விமானங்களில் விசிறி மட்டும் ஓடும் நிலை ஒன்று சுவிட்சிலேயே உண்டு. தரையில் அதைப் போட்டுப் பாருங்கள். விசிறிக்கே எண் மாறினால் கிரவுண்டையும் மின்னழுத்தத்தையும் பாருங்கள். ஹீட் நிலையில் மட்டும் மாறினால் தீப்பொறிச் சுற்று.

நேரமும் துப்புக் கொடுக்கும். மின்கோளாறு சுவிட்ச் தட்டிய நொடியில் வரும். வெப்பக் கோளாறுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

எதுவானாலும் கடைசிச் சாட்சி இ.ஜி.டி., அதாவது வெளிப்புகை வெப்பநிலை காட்டும் மீட்டர்தான். என்ஜினுக்குள் உண்மையிலேயே கூடுதல் எரிபொருள் போனால், அந்த வெப்பம் உச்சம் தொடும் கலவையைவிட ரிச் (எரிபொருள் அதிகமான) பக்கம் ஓட்டும்போது வெளிப்புகை வெப்பம் இறங்கும், லீன் (எரிபொருள் குறைவான) பக்கம் ஓட்டினால் ஏறும். ஃப்ளோ எண் குதித்தும் இ.ஜி.டி. அசையவில்லையா? அப்படியானால் பொய் சொல்வது மீட்டர். துணைப் பம்பைப் போட்டு எண் அடங்கினால் குமிழி என்று சொல்வார்கள், சரி. ஆனால் சில கார்புரேட்டர் விமானங்களில் அந்தப் பம்பின் துடிப்பே எண்ணைக் கூட்டிக் காட்டும். அதனால் அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன். ஆர்.பி.எம்மும் சேர்ந்து விழுந்தால், கேபின் ஹீட்டருக்குப் பதிலாகக் கை கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடி) இழுத்துவிட்டதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இதற்கிடையே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை ஒலித்தால் சோதனையெல்லாம் அப்புறம்: ஹீட்டரை மூடி, வெளிக்காற்றைத் திறந்து, இறங்குங்கள். எரிக்கும் ஹீட்டரில் பெட்ரோல் வாடை வந்தால், எரிகலனுக்கு அழுத்தச் சோதனை முடியும்வரை அதைப் போடவே வேண்டாம்.

உறை வகைக்குத் தீர்வு தேடுபவர்கள் முதலில் எரிபொருள் குழாய்மேல் போர்த்தும் தீத்தடுப்பு உறையான ஃபயர் ஸ்லீவ்தான் வாங்குகிறார்கள். அது சூடேறுவதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. நீண்ட ஓட்டத்தில் குழாய் உள்ளேயும் சூடாகிவிடும். நான் முதலில் கொட்டும் காற்றின் திசையை மாற்றுவேன், பிறகு பம்புக்கும் சென்சாருக்கும் குளிர்காற்றுக் குழாய் ஒன்று விடுவேன், அதற்கும் அடங்காவிட்டால் சென்சாரை இடம் மாற்றுவேன். சான்றளிக்கப்பட்ட விமானம் என்றால், இதில் எதற்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆவணமும் மெக்கானிக்கின் கையெழுத்தும் தேவைப்படும். எரிக்கும் ஹீட்டருக்கோ செலவே இல்லாத தீர்வு ஒன்று உண்டு: பயணக் கணக்கில் மணிக்கு அரை கேலனைத் தனியாக எழுதிக் கழித்துவிடுங்கள்.